பால் இருக்க 'இலேட்டக்சு' எதற்கு?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறையில் பொழுது புலருமுன்பே பால்வெட்டுத் தொழிலாளர் மரத்தடிக்குச் சென்றுவிடுவர். குளிர்ந்த வேளையிலேயே பால் மிகுதியாய் வடியும் என்பது அவர்தம் பட்டறிவு. பட்டையைக் கீறச் சிரட்டையில் வடிவதைப் 'பால்' என்பர். கீறலிலும் சிரட்டையிலும் தங்கிக் காய்ந்ததை 'ஒட்டுப்பால்' என்பர். அப்பாலே அலுவலர் வாயில் நுழைந்தவுடன் 'இலேட்டக்சு' ஆகிவிடுகின்றது! வடித்தது தமிழர் கை, பெயரோ அயலாருடையது!

'இலேட்டக்சு', 'இரப்பர்' எனும் இரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர். முன்னது மரத்தினின்று வடியும் நீர்மம். அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே உறைபொருள். எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். பின்னது, அந்நீர்மத்திற் காடி கலந்து உறைவித்துப் பிழிந்து உலர்த்திப் பெறும் பொருள். மருத்துவர் கையுறை முன்னதினின்றும், வண்டியுருளியின் மேலுறை பின்னதினின்றும் செய்யப்பெறும்.

இச்சொற்களின் பிறப்புத்தான் யாது? 'இலேட்டக்சு', இலத்தீனில் நீர்மத்தைக் குறித்த பொதுச்சொல். 'இரப்பர்' என்பதோ 'தேய்ப்பது' எனும் பொருளது. 1770-இல் பிரீசுட்டிலி எனும் ஆங்கில அறிஞர், இப்பொருள் கரிக்கோல் எழுத்தைத் தேய்த்தழிப்பதைக் குறித்தெழுதினார். அச்சிறு பயனே முழுப்பொருளுக்கும் பெயராய் நிலைத்தது. இங்கிலாந்தில் இன்றும் அழிப்பானுக்கும் அதுவே பெயர். இத்தகு சொற்களையே அறிவியற் சொற்களெனத் தமிழர் தலைமேற் கொள்கின்றனர்!

தென்னமெரிக்க மரமான இதன் விதைகள் 1876-இல் இலண்டனுக்குக் கொணரப்பட்டன. அங்கு முளைத்த கன்றுகளே இலங்கை முதலான நாடுகளுக்குப் பரவின. மரம் புதிது, பால் எனும் சொல் புதிதன்று. கள்ளிப்பால், எருக்கம்பால், ஆலம்பால் என வழங்கிய தமிழுக்கு இதனை 'மரப்பால்' என்பதில் என்ன இடர்? ஆவின் பாலென்று எவரும் மயங்கார்.

உறைந்த பொருளைத் 'தொய்வம்' என்பாரும் 'மீள்மம்' என்பாரும் உளர். தொய்தல் தளர்தலாகும். இழுத்தால் நீண்டு, விட்டால் பழநிலைக்கு மீள்வதே இதன் தனியியல்பு. ஆகலின் மீள்மமே பொருந்தும். தேய்ப்பதைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லினும் இயல்பைச் சுட்டும் தமிழ்ச்சொல் திருந்தியதன்றோ?

1984-இல் தொடங்கப்பெற்ற அரசு இரப்பர் கழகத்தின் கோட்டங்களுள் கீரிப்பாறையும் ஒன்று. அரசின் எடைச்சீட்டிலும் கூலிச்சீட்டிலும் தொழிலாளர் சொல்லே ஏறுதல் வேண்டும். தன் உழைப்பின் அளவைத் தன் மொழியிற் படித்தறிய இயலாதவனை ஏய்த்தல் எளிது. கலைச்சொல் ஆக்குவோர் அகரமுதலியைப் புரட்டுமுன் மரத்தடிக்குச் சென்று வினவுக! சொல் அங்கே வடிந்துகொண்டிருக்கின்றது.