வீட்டில் ஒன்றுமில்லை என்பது பொய்

"வீட்டில் ஒன்றுமில்லை, போனில் சொல்லி வரவழைத்துக் கொள்ளலாம்." புதுச்சேரியில் இப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்த வாசகம் காதில் விழுகிறது. சொல்பவர்கள் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் அல்லர். அவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். அரிசி இருக்கும், துவரம்பருப்பு இருக்கும், புளி, மிளகாய், தனியா, வெந்தயம், ஒரு டப்பாவில் அப்பளம், இன்னொன்றில் போன வருடத்துச் சுண்டைக்காய் வற்றல் எல்லாம் இருக்கும். இவ்வளவும் இருக்கும் வீட்டில் ஒன்றுமில்லை என்றால், இல்லாதது சாமான் அல்ல. இருக்கிற சாமானை என்ன செய்வது என்ற நினைவுதான் இல்லை.

ஓய்வூதியர்கள் நாங்கள் சிலர் மாலையில் கடற்கரையில் கூடுவது வழக்கம். அங்கே ஒரு நண்பர் அடித்துச் சொன்னார்: "இந்த வயதில் அடுப்படியில் நிற்பது மூடத்தனம் ஐயா. பென்ஷன் வருகிறது, போன் இருக்கிறது. பிறகு எதற்கு வேலை?" நாலு பேர் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஏன் ஆட்டவில்லை என்பதை நிதானமாக எழுதி வைக்கிறேன்.

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் சாமான் வைக்கும் இடத்துக்குக் 'கார்த் மான்ழே' என்று பெயர். நேராகச் சொன்னால் 'உணவைக் காப்பது'. நம் பெரியவர்கள் உக்கிராண அறை என்றார்கள். இரண்டு மொழிக்காரர்களுக்கும் அது வெறும் அலமாரி அல்ல. மழை நாளுக்கும், கை வெறுமையாகும் மாதக் கடைசிக்கும், திடீரென்று வந்து நிற்கும் விருந்தாளிக்கும் ஒரு வீடு எடுத்து வைத்திருக்கும் காப்பு அது. முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் இருப்புப் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கையிருப்பு என்ன என்று பார்க்காமல் புதிதாகக் கேட்டு எழுதினால் தணிக்கைக்காரர் விட மாட்டார். வீட்டில் தணிக்கைக்காரர் இல்லை என்பதால்தான் இந்த ஆட்டம்.

கையிருப்பை வைத்துக்கொண்டு சமைப்பது ஏழைமைக்கு அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் போன இடங்களைப் பார்த்தால் அப்படி நினைக்க முடியாது. 1853இல் மார்த்தினிக் தீவுக்கும், 1854இல் குவாதலூப் தீவுக்கும் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறினார்கள். மாதக்கணக்கில் கடலில் கிடந்து, கரும்புத் தோட்டத்தில் போய் இறங்கினார்கள். ஊரில் இருந்த காய் அங்கே இல்லை, மீன் வேறு, மண் வேறு. ஆனால் தனியா, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள் என்ற கணக்கு நினைவில் இருந்தது. அந்தக் கணக்கில் அரைத்த பொடி இன்று அந்தத் தீவுகளின் பொதுச் சமையல் ஆகிவிட்டது. 'கொலோம்போ' என்று பெயர். அது கொழும்பு நகரத்தின் பெயர் என்பாரும் உண்டு, நம் குழம்புதான் அப்படித் திரிந்தது என்பாரும் உண்டு. ரெயூனியோன் தீவில் 'காரி' என்கிறார்கள், அது நம் கறி. 'மசாலே' என்கிறார்கள், அது நம் மசாலா. மொழியை இழந்த பேரப்பிள்ளைகள்கூட குழம்பை இழக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்களும் கையிலிருந்ததை வைத்துச் செய்து பார்த்தவர்கள்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1666இல் எழுந்த துறைமுகம் லோரியான். அந்த ஊரில் ஒரு மருந்துக்கடைக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலந்த 'காரி கோஸ்' என்ற பொடி இன்றும் விற்கிறது. மீனுக்கும் நண்டுக்கும் போடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. நாம் அன்றாடம் போடுகிற மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கொடுத்தும் வாங்கியும் வளர்ந்ததுதான் சமையல். வாங்குவது தப்பல்ல. கொடுத்தவன் மறந்துபோவதுதான் தப்பு.

அந்த மறதிக்கு வடகத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். நம் வீடுகளில் வடகம், வடவம் என்று இரண்டு விதமாகவும் சொல்வோம். அதையே பிரெஞ்சுக்காரர்கள் 'வாதுவான்' என்று ஆக்கி, சிறு கண்ணாடிக் குப்பியில் அடைத்து, பிரெஞ்சு மசாலா என்ற பெயரில் உலகமெங்கும் விற்கிறார்கள். உருண்டை உதிரியாகிவிட்டது, வெயிலுக்குப் பதில் அடுப்புச் சூடு, விளக்கெண்ணெய் காணாமல் போய்விட்டது. போகட்டும். அவர்கள் ஊர் வசதிக்கு அவர்கள் செய்துகொண்டார்கள். என் கோபம் அவர்கள் மேல் இல்லை. அந்தக் குப்பியைப் புதுச்சேரியிலேயே அன்பளிப்பாக வாங்கிக்கொண்டு, "ஆகா, என்ன வாசனை, இது என்ன?" என்று கேட்கிறார்களே நம்மவர்கள், அவர்கள் மேல்தான்.

வடகம் ஒன்றும் மந்திரமல்ல. சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பூண்டு கால் கிலோ, உளுத்தம்பருப்பு 100 கிராம், கடுகும் சீரகமும் ஐம்பது ஐம்பது கிராம், வெந்தயம் இரண்டு கரண்டி, மஞ்சள்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு. வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, எல்லாவற்றையும் பிசைந்து ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். உப்பு உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். மறுநாள் பிழிந்து உருட்டி வெயிலில் வைத்து, மாலையில் அந்தச் சாற்றிலேயே திரும்பப் போட்டுப் பிசைய வேண்டும். இப்படி மூன்று நான்கு நாள். சாறு முழுக்க உள்ளே போனதும் விளக்கெண்ணெய் தொட்டு இறுக்கி உருட்டி, கல்லுப் போல ஆகும்வரை காய வைத்து ஜாடியில் போட்டால், பூச்சி அண்டாது, ஒரு வருடம் நிற்கும். சித்திரை வெயிலைப் பிடித்து ஐப்பசி மழையில் செலவழிக்கிற வித்தை இது. மின்சாரம் வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம்.

என் தங்கை மகள் பாரீசின் புறநகரில் இருக்கிறாள். கணவன் பிரெஞ்சுக்காரர், இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை அங்கே பல கடைகள் மூடிக் கிடக்கும். அலமாரியில் இருக்கும் மைசூர்ப் பருப்பு, டப்பாத் தக்காளி, டப்பாத் தேங்காய்ப்பால், நான் அனுப்பிய வடகத்தில் பாதி உருண்டை. இதை வைத்து ஒரு பருப்புக் குழம்பு வைத்து, பாஸ்மதிச் சோற்றோடு நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். "மாமா, இது சாம்பாரும் இல்லை, கூட்டும் இல்லை, ஆனா சட்டி காலி" என்று போனில் சிரிக்கிறாள். அது நம் ஊர்ச் சமையலா என்று கேட்டால், முழுக்க இல்லை. குடும்பச் சாப்பாடா என்று கேட்டால், நூற்றுக்கு நூறு. பனி கொட்டும் ஊரில், கறிவேப்பிலை எளிதில் கிடைக்காத ஊரில், அவளால் முடிகிறது. குபேர் அங்காடியிலிருந்து நடை தூரத்தில் இருக்கும் நம்மால் முடியவில்லையாம்.

"நேரம் இல்லை" என்பது முதல் வாதம். ஓய்வூதியர் வாயிலிருந்து வரக்கூடாத வாதம் அது. இரண்டு வருடம் முன்பு என் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரம் படுக்கையில் இருந்தார். நண்பர்கள் சாப்பாட்டுக் கடைகளின் எண்களை வரிசையாக அனுப்பினார்கள். நான் அலமாரியைத் திறந்தேன். நால்வருக்கு அரிசி 400 கிராம், துவரம்பருப்பு 150 கிராம், எலுமிச்சை அளவு புளி, ஒரு கைப்பிடி சுண்டைக்காய் வற்றல், வடகம் ஓர் உருண்டை, சுட்ட அப்பளம், மோர். குக்கரில் சோறும் பருப்பும் வேகும்போதே பக்கத்து அடுப்பில் வற்றல் குழம்பு கொதித்துவிடும். முக்கால் மணி நேரம். மோரை விட்டுவிட்டால் செலவு 120 ரூபாய்க்கு மேல் போகவில்லை. நல்லெண்ணெயில் வடகம் பொரிந்த வாசனை உள்ளறைக்குப் போனதும், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர், "தட்டு போடுங்க, பசிக்குது" என்றார். எந்த மருந்தைவிடவும் எனக்கு அந்த வார்த்தை பெரிதாக இருந்தது.

"வற்றலிலும் அப்பளத்திலும் உப்பு அதிகம், ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது" என்பது இரண்டாம் வாதம். இதில் நியாயம் உண்டு. ஆனால் என் வீட்டில் வற்றலை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டு, குழம்பில் உப்பைப் பாதியாக்க என்னால் முடியும். அப்பளத்தைப் பாதியாக உடைத்துக்கொள்ள முடியும். பொட்டலத்தில் வரும் குழம்பில் எவ்வளவு உப்பு, எத்தனையாவது தடவை காய்ந்த எண்ணெய் என்று யாரைக் கேட்பது? டாக்டர் எழுதிக் கொடுத்த அளவை என் கை காப்பாற்றும், முன்பின் தெரியாதவர் கை காப்பாற்றாது.

மூன்றாம் வாதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மனதில் மட்டும் வைத்திருக்கிறார்கள். சமையல் பெண்கள் வேலை என்பதுதான் அது. என் தலைமுறை ஆண்களைக் கேட்கிறேன். பிள்ளைகள் பாதிப் பேர் பிரான்சில், மீதிப் பேர் பெங்களூரிலும் சென்னையிலும். வீட்டில் இருப்பது இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் ஒருநாள் முந்திப் போகத்தான் வேண்டும். மிஞ்சுகிறவர் நீங்களாக இருந்தால், ஒரு ரசம் வைக்கத் தெரியாமல் கதவு மணிக்காகக் காத்திருப்பீர்களா? அதைச் சுகம் என்கிறார் கடற்கரை நண்பர். நான் அதைப் பிறர் கையில் இருப்பது என்கிறேன். மழை கொட்டி, தெருவில் தண்ணீர் நின்று, வண்டிக்காரப் பையன் வர முடியாமல் போகிற நாள் இந்த ஊரில் வருடத்துக்கு வருடம் வருகிறதே.

படுக்கையில் இருப்பவர், நிற்க முடியாதவர், கை நடுங்குபவர் வரவழைத்துச் சாப்பிடட்டும். அவர்களுக்கு அது பெரிய உதவி. அலுத்துப்போன ஒரு நாளில் மற்றவர்களும் வரவழைக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. கால் நன்றாக இருந்து, கையிருப்பும் இருந்து, தினமும் ஒன்றுமில்லை என்று சொல்பவர்களோடுதான் என் வழக்கு.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஒரு நோட்டை எடுத்து, அலமாரியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எழுதுங்கள். அலுவலகத்தில் செய்ததுதானே. பிறகு அந்தப் பட்டியலில் இருப்பதை மட்டும் வைத்து வாரத்தில் இரண்டு நாள் சமையுங்கள். கணவனுக்கு ஒருநாள், மனைவிக்கு ஒருநாள். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் போனை வாங்கி வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள். கண் கலங்கட்டும், பரவாயில்லை. வரும் சித்திரையில் மொட்டை மாடியில் ஒரு கிலோ வடகமாவது காய வேண்டும். காக்கை வராமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால், கடற்கரை நண்பரைக் கூப்பிடுங்கள். அவருக்குத்தான் வேலை ஒன்றும் இல்லையே.