எண் சரி, பொருள் தவறு: சமிக்ஞை அட்டவணைகளைச் சரிபார்ப்பது குறித்து

பள்ளுருத்தியில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ கணினி பயிலும் மாணவர் முதலில் தொடும் இயங்குதளம் லினக்ஸ். கேரளத்தின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017 இல் கைட் என்னும் நிறுவனமாக மாறிய பின்னரும் கட்டற்ற மென்பொருளைக் கைவிடவில்லை. அம்மாணவர் பின்னாளில் ஆய்வுக்கு வருகையில் கையில் மேக் மடிக்கணினி இருக்கக்கூடும். அவருடைய நெடுங்கணக்கீடுகள் ஓடுவதோ மறுபடியும் லினக்ஸ் மீகணினியில். இந்த இடப்பெயர்வில் ஓர் எண் ஓசையின்றிப் பொருள் மாறுகிறது. அதைத் தடுக்க வேண்டிய ஸ்கீமாவை, அதாவது தரவின் வடிவத்தை வரையறுக்கும் விதித்தொகுப்பை, ஒப்புக்கு எழுதி வைக்கும் பழக்கம் ஆய்வுலகில் வேரூன்றியிருக்கிறது.

சமிக்ஞை என்பது இயங்குதளம் ஒரு செயல்முறைக்கு விடுக்கும் சுருக்கமான அறிவிப்பு. ‘நில்’, ‘தொடர்’, ‘முடித்துக்கொள்’ என்பன போன்றவை அவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் உண்டு. பெயரே நிலையானது, எண் பெரும்பாலும் உள்ளூர் வழக்கு. யூனிக்ஸ் மரபு சிஸ்டம் ஃபைவ் என்றும் பி.எஸ்.டி. என்றும் கிளைத்தபோது எண்களும் கிளைத்தன. போசிக்ஸ் தரநிலை ‘கில்’ கட்டளைக்கென உறுதிசெய்யும் சமிக்ஞை எண்கள் ஏழே: ஹப் 1, இன்ட் 2, குவிட் 3, அபார்ட் 6, கில் 9, அலார்ம் 14, டெர்ம் 15. ஏனையவற்றுக்கு அத்தகைய உத்தரவாதம் இல்லை.

விளைவைக் காண 19 என்ற ஓர் எண்ணே போதும். இன்டெல், ஆர்ம் செயலிகளில் ஓடும் லினக்ஸில் அது ‘ஸ்டாப்’. செயல்முறை உறைந்து நிற்கும். மேக்கில் அதே 19 ‘கன்ட்’. நின்ற செயல்முறை மீண்டும் நடக்கும். மிப்ஸ் செயலியில் ஓடும் லினக்ஸிலோ அது மின்தடையை அறிவிக்கும் ‘பவர்’. ஒரே எண்ணுக்கு ஒன்றுக்கொன்று எதிரான பொருள்கள். ‘இப்போது எல்லாரும் லினக்ஸ்தானே’ என்னும் சமாதானம் இங்கே நிற்காது. லினக்ஸுக்குள்ளேயே எண் மாறுகிறது.

ஊர்தோறும் சலவைத் தொழிலாளர் துணியில் இட்ட குறியை நினைத்துப் பார்க்கலாம். எந்தக் குறி எந்த வீடு என்பது குறியிட்டவரின் கணக்கில்தான் இருக்கிறது. அதே துணியை வேறொரு துறைக்குக் கொண்டுபோனால் குறி அழிவதில்லை. ஆனால் துணி வேறு வீட்டுக்குப் போய்ச் சேரும். எந்தத் துறை என்று சொல்லாத குறி பாதிக் குறியே. எந்த இயங்குதளம், எந்தச் செயலி என்று சொல்லாத சமிக்ஞை எண்ணும் அத்தகையதே.

ஆய்வகங்களில் வழங்கும் ஸ்கீமாக்கள் பலவும் என்ன சொல்கின்றன? ‘சமிக்ஞை: முழு எண், குறைந்தது 1, மிகுதி 64.’ அவ்வளவே. இந்தச் சல்லடையில் தவறான எண் எதுவும் சிக்காது. மேக்கில் ‘யூசர் 1’ சமிக்ஞையின் எண் 30. இன்டெல் லினக்ஸில் 10. மேக்கில் எழுதிய அமைவுக் கோப்பில் 30 என்றிருந்தால் ஸ்கீமா அதை ஏற்கும். அந்தக் கோப்பு லினக்ஸ் மீகணினிக்குச் செல்கிறது. ஸ்லர்ம் போன்ற பணி அட்டவணையாளரிடம், நேரம் முடியுமுன் இச்சமிக்ஞையை அனுப்பு, இடைநிலையைச் சேமித்துக்கொள்ளலாம் என்று கேட்கப்படுகிறது. அங்கே 30 என்பது ‘பவர்’. அதற்கென நிரலில் கையாளி இல்லையெனில் செயல்முறை உடனே முடிந்துவிடும். சேமிக்கும் வாய்ப்பைத் தர வேண்டிய சமிக்ஞையே கணக்கீட்டைக் கொல்கிறது. 2015 இல் தொடங்கிய தேசிய மீகணினி இயக்கத்தின் இயந்திரங்கள் பொதுப்பணத்தில் ஓடுபவை. அவற்றில் இழக்கும் ஒவ்வொரு நாளும் மக்கள் காசு.

நேர இழப்பினும் கொடியது முடிவில் நேரும் பிழை. சமிக்ஞையால் இறந்த செயல்முறையின் முடிவெண்ணை ஷெல் 128 உடன் சமிக்ஞை எண்ணைக் கூட்டித் தருகிறது. 138 என்ற முடிவெண் மேக்கில் நினைவகப் பிழையான ‘பஸ்’. இன்டெல் லினக்ஸில் ‘யூசர் 1’. இருவகை இயந்திரங்களின் பதிவுகளை ஒன்றாகக் குவித்துப் பிழைகளை வகைப்படுத்தும் ஆய்வு, தளத்தைக் குறிக்காவிடில், இல்லாத நினைவகப் பிழைகளை எண்ணும். அட்டவணை அழகாக இருக்கும். முடிவு பொய்யாக இருக்கும்.

இதற்கு மறுமொழியாக, எண்ணும் பெயரும் இருமுறை வரக்கூடாது என்று ஒரு விதி சேர்த்தால் தீர்ந்தது என்பர் சிலர். அதுவும் அறியாமையே. லினக்ஸில் ‘அபார்ட்’, ‘ஐஓடி’ இரண்டுக்கும் 6 தான். ‘ஐஓ’, ‘போல்’ இரண்டும் ஒன்றே. எண் தனித்தே இருக்க வேண்டும் என்னும் விதி உண்மையான அட்டவணையைத் தள்ளிவிட்டுப் பிழையான அட்டவணையை ஏற்கும். நிகழ்நேரச் சமிக்ஞைகளின் தொடக்கமும் அவ்வாறே: லினக்ஸ் கருவில் 32, கிளிப்சி நூலகம் முதல் இரண்டைத் தனக்கென வைத்துக்கொள்வதால் பயனருக்கு 34.

செய்ய வேண்டியது அரிதன்று. அமைவுக் கோப்பில் எண்ணுக்கே இடம் தரலாகாது. பெயர் மட்டுமே, அதுவும் மூடிய பட்டியலிலிருந்து. எண் வேண்டிய அட்டவணையில் தளமும் செயலியும் கட்டாயப் புலங்கள் ஆக வேண்டும். பெயர், எண், தளம் மூன்றையும் சேர்த்தே ஸ்கீமா பிணைக்க வேண்டும். ‘கில்’, ‘ஸ்டாப்’ இரண்டையும் எந்த நிரலும் இடைமறிக்க இயலாது. ஆதலின் அவற்றுக்குக் கையாளி கேட்கும் பதிவை ஸ்கீமாவே மறுக்க வேண்டும். வேண்டுமென்றே பிழையான இணைகளைக் கொடுத்து அவை தள்ளப்படுகின்றனவா என்றும் சோதிக்க வேண்டும். எதையும் மறுக்காத ஸ்கீமா வெறும் அலங்காரம்.

ஸ்கீமாவுக்கும் எல்லை உண்டு. தனக்குச் சொல்லப்பட்ட இணை மெய்யா என்பதை அது அறியாது. அந்த மெய், ஒவ்வொரு இயந்திரத்தின் தலைப்புக் கோப்பிலும் ‘கில்’ கட்டளை தரும் பட்டியலிலும் இருக்கிறது. அட்டவணையை அவற்றோடு ஒப்பிடும் சோதனை ஒவ்வொரு தளத்திலும் ஓட வேண்டும்.

‘இதெல்லாம் எழுத்தர் வேலை, ஆய்வு அன்று’ என்பது இறுதி ஆட்சேபம். கல்வெட்டைப் படிப்பவர் ஆண்டைக் குறிக்கையில் அது சகமா, கொல்லமா என்று சொல்லாமல் விட்டால் எந்த நெறியாளரும் ஏற்பதில்லை. சமிக்ஞை எண்ணுக்கு மட்டும் அந்தக் கண்டிப்பு ஏன் தளர வேண்டும்? ஆய்வேட்டை மதிப்பிடுவோர் முடிவுகளின் அட்டவணைக்கு முன், அமைவுக் கோப்பைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்த எண் எந்த இயந்திரத்தின் எண்?