மரை கழன்ற கார்

'அவனுக்கு மரை கழன்றுவிட்டது' என்று கிண்டல் செய்கிறோமே, அந்த மரை எது என்று தமிழ் எம்.ஏ. வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மெக்கானிக்குகளுக்கான பயிற்சிக் குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்க நேர்ந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். ஸ்போர்ட்ஸ் காருக்கு நீளமான ஸ்டட் பொருத்தும் முறை பற்றிய குறிப்பு அது. 'த்ரெட் என்கேஜ்மென்ட்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டேன். "நட்டு எத்தனை சுத்து மரையப் பிடிக்குதுன்னு எழுதுங்க சார், போதும்" என்றார்.

ஸ்டட் என்பது ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி. அதில் சக்கரத்தை மாட்டி நட்டை முடுக்குகிறோம். 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரில் சக்கரத்துக்கு 4 ஸ்டட்கள். தடிமன் 12 மி.மீ.; மரைக்கு மரை இடைவெளி 1.5 மி.மீ.

பந்தயப் பிரியர்களுக்கு இது போதாது. அகலச் சக்கரம், பெரிய பிரேக் என்று மாற்றுகிறார்கள். சக்கரம் பிரேக்கில் இடிக்காமலிருக்க நடுவே ஸ்பேசர் தகடு வைக்கிறார்கள். 5 மி.மீ. தகடு மூன்று சுற்றுக்கு மேல் மரையை விழுங்கிவிடும். அமெரிக்காவில் கார் பந்தயம் நடத்தும் தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதி எளிமையானது: ஸ்டட்டின் தடிமன் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளத்துக்கு நட்டு மரையைப் பிடித்திருக்க வேண்டும். எம்.எக்ஸ்-5 காருக்கு 12 மி.மீ.; அதாவது 8 சுற்று. குறைந்தால் நீள ஸ்டட்தான் வழி.

காரின் எடையை ஸ்டட் தோளில் சுமக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியல்லவாம். நட்டை முடுக்கும்போது ஸ்டட் மயிரிழை அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் அந்த இழுவிசை, சக்கரத்தை ஹப்போடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் சக்கரத்தை நழுவாமல் பிடிக்கிறது. பிடி தளர்ந்தால் சக்கரம் ஆடும்; ஸ்டட் முன்னும் பின்னும் வளைந்து ஒருநாள் முறியும்.

நீளமாக இருந்துவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. அழகுக்காகத் தலை மூடிய நட்டுகளைப் போடுகிறோம். நீள ஸ்டட்டின் முனை அந்த மூடியில் முட்டி நின்றுவிட்டால், டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சத்தம் தந்துவிடும். முறுக்கு சரி என்று எழுந்துவிடுவோம். சக்கரமோ அழுத்தப்படாமலே இருக்கும். அதனால்தான் நீள ஸ்டட்டுக்கு இருபுறமும் திறந்த நட்டு வேண்டும்.

பொருத்துவதிலும் பொறுமை தேவை. ஸ்டட்டின் கழுத்தில் உள்ள பற்கள் ஹப்பின் துளையை இறுகப் பிடிக்க வேண்டும். அளவு குறைந்தால் நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுற்றும். பழையதைச் சுத்தியலால் அடித்து எடுத்தால் பேரிங் அடிபடலாம். பிரஸ் கருவியே நல்லது. புதியதன் தலை ஹப்பின் பின்புறம் முழுதாகப் பதிய வேண்டும். அரைகுறையாகப் பதிந்தால், ஓட்டத்தில் மெல்ல உள்ளே இறங்கி நட்டைத் தளர்த்திவிடும். கடைசியில் டார்க் ரெஞ்சால், முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 என்றால் 88 முதல் 118 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும். 80 கி.மீ. ஓடியதும் மறுபடி சோதிக்க வேண்டும்.

நம் சாலைகளில் ஸ்போர்ட்ஸ் கார் அபூர்வம். ஆனால் அகல அலாய் வீலும் ஸ்பேசரும் சாதாரணக் கார்களுக்கும் வந்துவிட்டன. கடைக்காரர் பளபளப்பைக் காட்டுவார், மரையைக் காட்டமாட்டார். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்ற ஊரில், அச்சாணியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

குறிப்பை முடித்த அன்று என் பழைய காரின் ஒரு நட்டைக் கழற்றி, கையாலேயே திருப்பி எண்ணினேன். எட்டைத் தாண்டியது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். உங்கள் காரில் ஸ்பேசர் இருந்தால், நீங்களும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.