ஒரே பந்தி



புனித இராயப்பரையும் புனித சின்னப்பரையும் ஜூன் 29ஆம் நாள் ஒரே விழாவில் சேர்த்து வணங்குகிறோம். ஆயினும் திருச்சபையின் இவ்விரு தூண்களும் ஒருநாள் சபையார் அனைவரும் பார்த்திருக்க எதிரெதிரே நின்றார்கள் என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. சின்னப்பரே அதனைக் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒளிக்காமல் கூறியுள்ளார்.

நிகழ்ந்த இடம் சிரியா நாட்டு அந்தியோக்கியா. சீடர்கள் முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் என்று பெயர் பெற்ற நகரம் அது. அங்கே யூத கிறிஸ்தவரும் புறவினத்துக் கிறிஸ்தவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். அங்கு வந்த இராயப்பரும் அவர்களோடு மகிழ்ச்சியாய் உண்டார். பின்னர் யெருசலேமிலிருந்து யாகப்பரைச் சார்ந்த சிலர் வந்தனர். அவர்களுக்கு அஞ்சி, இராயப்பர் மெல்ல விலகித் தனியே உண்ணத் தொடங்கினார். மற்ற யூதரும் அவரைப் பின்பற்றினர். சின்னப்பரின் தோழரான பர்னபாவும் இழுபட்டுப் போனார்.

யூதரின் உணவு ஒழுக்கம் அற்பமான வழக்கமன்று. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 165 ஆண்டுகளுக்கு முன், அந்தியோக்குஸ் மன்னனின் கொடுமையில், அதற்காகவே உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. மக்கபேயர் இரண்டாம் நூல் கூறும் எலெயாசார் அவர்களுள் ஒருவர். விலக்கப்பட்ட இறைச்சியை உண்பதுபோல் பாவனை செய்தால் போதும், உயிர் தப்பலாம் என்று நண்பர்கள் வழி கூறினர். தொண்ணூறு வயதில் தாம் நடித்தால் இளைஞர் வழிதவறுவார்கள் என்று சொல்லி அவர் சாவையே தேர்ந்துகொண்டார்.

ஆகவே மரபைக் காப்பது குற்றமன்று. அந்தியோக்கியாவில் குற்றமாகியது வேறொன்று. யோப்பா நகரில் தோல் பதனிடும் சீமோன் வீட்டு மாடியில் கண்ட காட்சியினால், கடவுள் தூய்மைப்படுத்தியதைத் தீட்டென்று சொல்லலாகாது என இராயப்பர் கற்றிருந்தார். புறவினத்து நூற்றுவர் தலைவரான கொர்னேலியுவின் இல்லம் சென்று திருமுழுக்கும் அளிக்கச் செய்தார். அவருடைய விசுவாசம் மாறவில்லை. நடத்தை மட்டும் மாறியது. அதனாற்றான் சின்னப்பர் அதனை வெளிவேடம் என்றார். அதற்கு அவர் கையாண்ட கிரேக்கச் சொல் நாடக மேடையில் நடிப்பதைக் குறிப்பது. எலெயாசார் மறுத்த நடிப்புக்கு இராயப்பர் ஒருகணம் இடங்கொடுத்தார்.

அவர் பொய்ப்போதனை எதுவும் செய்யவில்லை. இடம் மாறி அமர்ந்தார், அவ்வளவே. ஆனால் நேற்றுவரை அருகிருந்து உண்ட புறவினத்துச் சகோதரன், இன்று வெறுமையாய்க் கிடக்கும் அந்த இடத்தைப் பார்த்து என்ன எண்ணியிருப்பான்? கிறிஸ்து மட்டும் போதாது, யூதனாகவும் மாறவேண்டும் என்றல்லவா? ஆகவேதான் சின்னப்பர் அனைவர் முன்னும் பேசினார்.

இந்நிகழ்ச்சி பிற்காலத்தாரைக் கலங்கச் செய்தது. இருவரும் பேசிவைத்துக்கொண்டு, பிறருக்குப் படிப்பினையாக அப்படி நடந்தனர் என்று விளக்கினார் புனித ஜெரோம். புனித அகுஸ்தினார் கடிதங்கள் வாயிலாக அதனை மறுத்தார். இராயப்பர் உண்மையாகவே தவறினார், திருத்தத்தையும் தாழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார் என்றார் அவர். கண்டித்தவரின் துணிவைவிட, கண்டிப்பை ஏற்றவரின் தாழ்ச்சி அரிய முன்மாதிரி என்றும் கருதினார்.

நம் இல்லங்களுக்கு வருவோம். திருப்பலியில் ஒரே அப்பத்தை உட்கொள்ளும் நாம், திருமண விருந்தில் யார் பக்கத்தில் அமர்கிறோம்? ஊரார் இல்லாதபோது நண்பனாய் இருந்தவன், உறவினர் வந்ததும் வேற்றுச் சாதியான் ஆகிவிடுகிறானா? "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற அச்சம் இராயப்பரையே அசைத்தது. நம்மை அசைக்காது என்று இறுமாந்திருக்கலாமா?

நம் வாய்ப்பேச்சைவிட நாம் உண்ணும் பந்தியையே நம் பிள்ளைகள் உற்று நோக்குகின்றனர். விலகியமர்ந்த நாள் நமக்கும் இருந்திருக்கலாம். எவரேனும் அதனை முகத்துக்கு நேரே எடுத்துக் கூறினால் சினவாதிருப்போம். இராயப்பரைப்போல் திருத்தத்தை ஏற்று, எழுந்து சென்று, விட்டுவந்த இடத்தில் மீண்டும் அமர்வோம்.