அப்பாவின் கடைக் கணக்குக்கு இன்னொரு நகல் இருக்கிறதா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் கடைத்தெருக்களில் பற்று நோட்டு மெல்ல ஓய்வுபெற்று வருகிறது. பில் போடுவது கணினியில், ஆர்டர் வாங்குவது வாட்ஸ்அப்பில், பணம் வருவது க்யூஆர் கோடு வழியாக. கணக்கு எங்கே என்று கேட்டால், "எல்லாம் கம்ப்யூட்டர்ல கெடக்குல்லா" என்று பதில் வரும். சிக்கலே அதுதான். எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில் கிடக்கிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனைக்குத் தெற்கே கடலில்தான் கடந்தது. அதற்கே ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் கரன்ட் திரும்பிவர நாள்கணக்கில் ஆனது, செல்பேசிச் சேவையும் முடங்கியது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத அந்தத் துயரத்துக்கு முன்னால் கடைக் கணக்கு சின்ன விஷயம்தான். ஆனால் புயலுக்கு அடுத்த வாரம் கடையைத் திறந்தாக வேண்டுமே. யாரிடம் எவ்வளவு பாக்கி, யாருக்கு எவ்வளவு கொடுக்கணும் என்பது தெரிய வேண்டும். 2021 நவம்பரில் மாவட்டத்தை வெள்ளம் சூழ்ந்தபோதும் இதே கேள்விதான் எழுந்திருக்கும். இயற்கைச் சீற்றம்கூட தேவையில்லை. ஹார்ட் டிஸ்க் பழுதானாலோ, பஸ்ஸில் ஃபோன் தொலைந்தாலோ போதும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இதைச் சட்டமே கேட்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கணக்கைக் கணினியில் வைத்திருந்தால் முறையான பேக்கப் எடுத்து வைக்க வேண்டும். விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்க முடிய வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி விதி 57. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் போச்சு சார்" என்பது பதிலாகாது.

"நாங்க பேக்கப் எடுக்கிறோமே" என்பவர்களிலும் பலர் சி டிரைவில் இருப்பதை டி டிரைவில் நகலெடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பெரும்பாலான கடைக் கணினிகளில் இரண்டுமே ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். போனால் சேர்ந்தே போகும். பென் டிரைவில் எடுத்து அதை மெஷினிலேயே செருகி வைப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2017 மே மாதம் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை போன்ற வைரஸ்கள், செருகி இருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டிவிடும். எடுத்த நகலை உருவி, கல்லாப்பெட்டியில் அல்ல, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொரு நகல் கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் இருக்கட்டும். குமரியில் மழை கொட்டினாலும் அது பத்திரமாக இருக்கும்.

அதிலும் ஒரு கண் வேண்டும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள்தான் ஜிமெயில், ஃபோட்டோ எல்லாம் அடங்க வேண்டும்; ஆண்ட்ராய்டு ஃபோனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. பேரப்பிள்ளை வீடியோக்களால் இடம் நிரம்பினால் பேக்கப் நின்றுவிடும். கடைக்கென்று தனி ஜிமெயில் வைப்பது நல்லது.

அந்த ஜிமெயில் யார் கையில் இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். கடையில் நின்ற பையன் தன் நம்பரைக் கொடுத்து வாட்ஸ்அப் பிசினஸ் தொடங்கியிருப்பான். கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்ததும் அவன் ஜிமெயிலில்தான் இருக்கும். அவன் வேறு வேலைக்குப் போனால் வாடிக்கையாளர் பட்டியலும் கூடவே போய்விடும். யாரும் ஏமாற்ற நினைக்காமலே நடக்கிற விஷயம் இது. சிம், ஜிமெயில் இரண்டும் முதலாளி பெயரில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க பின்னும் போட்டுவிட வேண்டும்.

எடுத்த நகல் திறக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. பெரிய நிறுவனங்களும் இதில் வழுக்கியிருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். மீட்கப் போனால், வைத்திருந்த பேக்கப் முறைகள் எதுவும் சரியாக வேலை செய்யவில்லை. தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகல் காப்பாற்றியது. அப்படியும் சுமார் 6 மணி நேரத் தரவு போனது. கடைக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். மாதம் ஒருமுறை நகலை வேறு லேப்டாப்பில் திறந்து, கடைசி பில் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பெங்களூரிலோ சென்னையிலோ ஐடி வேலையில் இருக்கும் பிள்ளைகள் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அரை நாளில் இதையெல்லாம் செய்து கொடுத்துவிடலாம். கூடவே பாக்கிப் பட்டியலை வாரம் ஒருமுறை பிரின்ட் எடுக்க அப்பாவைப் பழக்கிவிடுவது நல்லது. கரன்டும் டவரும் இல்லாத நாளில் கூகுள் டிரைவும் திறக்காது, க்யூஆர் கோடும் வேலை செய்யாது. அன்றைக்குக் கடை ஓட அந்த இரண்டு தாளும் கொஞ்சம் சில்லறையும்தான் வேண்டும்.