வெள்ளி ஸ்பூனின் ஜாதகம்

"லண்டனுக்குத்தானே போகிறாய்? நூறு வருஷத்துக்கு முந்தின வெள்ளிச் சாமானையெல்லாம் அங்கே தெருவில் பரப்பி விற்கிறார்களாமே! என் பேத்தியின் ஆண்டு நிறைவுக்கு அசல் வெள்ளியில் ஒரு ஸ்பூன் வாங்கி வா" என்று சொல்லி, என் மன்னி பணத்தை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டாள்.

தெருவில் விற்கிறார்கள் என்பது வாஸ்தவந்தான். நாட்டிங்ஹில் பகுதியில் போர்ட்டபெல்லோ ரோடு என்று ஒரு நீண்ட தெரு. பழம்பொருள் வியாபாரம் சனிக்கிழமைகளில்தான் அமர்க்களப்படும். எனக்கோ சனிக்கிழமை வரை பொறுமை இல்லை. தங்கியிருந்த ஓட்டலுக்கு அருகிலேயே ஒரு கடையில் ஆறு ஸ்பூன்கள் பளபளவென்று கண்ணைப் பறித்தன. திருப்பிப் பார்த்தேன். காம்பின் பின்புறம் வரிசையாக நான்கு குட்டிக் கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. முத்திரை இருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம்? மன்னியின் பணத்தில் பாதி போயிற்று. வெள்ளி என்று கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. போர்ட்டபெல்லோ ரோடில் ஸ்பூன்களாகவே பரப்பி வைத்துக்கொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். என் பெருமையைக் காட்டிக்கொள்ள ஒரு ஸ்பூனை எடுத்து நீட்டினேன். அவள் பூதக்கண்ணாடிகூட எடுக்கவில்லை. "எழுத்தைச் சேர்த்துப் படி, பெண்ணே" என்றாள். ஈ, பி, என், எஸ். நிக்கல் சில்வர் மீது மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியது என்பதற்கு அது சுருக்கம். நிக்கல் சில்வரில் பெயருக்குத்தான் சில்வர். உள்ளே இருப்பது செம்பும் துத்தநாகமும் நிக்கலும். பர்மிங்ஹாம் எல்கிங்டன் கம்பெனியார் 1840-ல் இந்த முலாம் வித்தைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அன்று முதல் என்னைப் போன்றவர்கள் ஏமாந்துகொண்டுதான் இருக்கிறோம்!

என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே இரக்கம் பிறந்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார வைத்து ஸ்பூனின் ஜாதகத்தைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தாள்.

முதலில் சிங்கத்தைத் தேட வேண்டும். ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம். அது இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. 1544 முதல் இங்கிலாந்தில் இதுதான் வழக்கம். அடுத்து ஊர். சிறுத்தைத் தலை என்றால் லண்டன். நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம். (கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்!) சிறுத்தையின் தலையில் கிரீடம் இருந்தால் 1821-க்குப் பிந்தியதாக இராது. அரசர் தலை இருந்தால் வரி கட்டியாயிற்று என்று அர்த்தம். அது 1784 முதல் 1890 வரைதான் உண்டு. இன்னோர் எழுத்து, வருஷத்தைச் சொல்லும். அந்தக் காலத்து லண்டனில் இருபது எழுத்து முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இதற்கென்றே சட்டைப் பையில் அடங்கும் சிறு புத்தகம் விற்கிறது. நான் அதை ஊரிலிருந்து கிளம்புமுன் வாங்கியிருக்க வேண்டும்.

பிறகு அவள் ஒரு ஸ்பூனை எடுத்தாள். தேக்கரண்டியை விடச் சற்றுப் பெரியது. பளபளப்பு ஒன்றும் இல்லை. கிரீடம் வைத்த சிறுத்தை, சிங்கம், அரசர் தலை, எஃப் என்ற எழுத்து. 1801! செய்தவர்களின் முத்திரையில் மூன்று ஜோடி எழுத்துக்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. "நடுவில் இருப்பவள் ஒரு பெண்" என்றாள் கிழவி.

அவள் பெயர் ஆன் பேட்மன். அவளுடைய மாமியார் ஹெஸ்டர் பேட்மன். 1760-ல் ஹெஸ்டரின் கணவர் இறந்தபோது தம் தொழில் கருவிகளை மனைவிக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று சொல்லப்படும் அந்த அம்மாள், மறு வருஷமே தன் பெயருக்கு முத்திரை பதிவு செய்துகொண்டாள். வேலையை விட்டு ஓயும்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பிறகு மருமகள் ஆனும் விதவையானாள். மைத்துனரோடு சேர்ந்து பட்டறையை நடத்தினாள். 1800-ல் அவள் மகனும் வந்து சேர்ந்தான். முத்திரையில் இருக்கும் மூவரும் இவர்கள்தான்.

எனக்கு ஸ்பூனைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஆனாலும் கற்ற பாடத்தை விடுவேனா? கிழவி சொன்னபடியே காம்பின் மீது வாயால் ஊதினேன். பழைய பெயரைச் சுரண்டியிருந்தாலும், ஒட்டுப் போட்டிருந்தாலும், அந்த ஈரத்தில் தெரிந்துவிடுமாம். ஒன்றும் தெரியவில்லை. 60 பவுண்டு சொன்னாள், 52-க்குத் தந்தாள். வருஷம், ஊர், வெள்ளி எல்லாவற்றையும் ரசீதில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மன்னி ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னடி, மங்கலாக இருக்கிறது? நம் கடைவீதியில் இதைவிடப் பளிச்சென்று கிடைக்குமே!" என்றாள். மாமியார், மருமகள் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஸ்பூனை யாரையும் தொட விடவில்லை. அதில் பேத்திக்குப் பருப்புஞ்சாதம் ஊட்டுவது மன்னி ஒருத்திதான்.

முலாம் ஸ்பூன் ஆறும் என் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு வந்து சேர்ந்தன. மஞ்சள்பொடி ஸ்பூனில் இப்போதே வெள்ளை போய் உள்ளே மஞ்சள் பூத்திருக்கிறது. மன்னி வருகிற அன்று மட்டும் பெட்டியை மூடி வைக்கிறேன்.