வளையம் நீட்டிய கை

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் பதினாறு பேர் கூடியிருந்தோம். அத்தனை பேருக்கும் ரயில் என்றால் உயிர். கூட்டத்துக்கு ஒரே நிபந்தனை: மீட்டர் கேஜ் காலத்துப் படங்களும் நினைவுகளும் மட்டுமே கொண்டுவர வேண்டும். ஒருவர் பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்தார், இன்னொருவர் கல்யாண ஆல்பத்தின் பின்பக்கங்களில் ஒட்டிக் கொண்டுவந்தார். மீட்டர் கேஜ் ரயிலில் ஒரு தடவைகூட ஏறியிராத கல்லூரிப் பையன்கள் இருவரும் வந்திருந்தார்கள். எங்கள் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஒரு ஒய்.பி. எஞ்சினின் மங்கலான படத்தை நீட்டினால், எண்ணைப் படித்துவிட்டு, "இது ஜாம்ஷெட்பூர்ல கட்டினது சார்" என்கிறார்கள். ஒய் என்றால் மீட்டர் கேஜ், பி என்றால் பயணி வண்டி, ஜி என்றால் சரக்கு. இதை நான் கற்றுக்கொள்ள முப்பது வயதாயிற்று.

காலை பத்து மணி முதல் மதியச் சாப்பாடு வரை எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸில் முதல் மாதமே பயணம் செய்தவர் ஒருவர் வந்திருந்தார். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-ல் நின்றபோது, கடைசி நாள் எடுத்த அட்டை டிக்கெட் என்று ஒருவர் பிளாஸ்டிக் உறையோடு காட்டினார், கையில் தரமாட்டேன் என்றார். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 2010 செப்டம்பரில் அகலப்பாதை வேலைக்காக மூடப்பட்டபோது எடுத்த படங்கள் ஒரு கட்டு. கழுத்துருட்டியின் பதின்மூன்று வளைவுப் பாலத்தின் மேல் வண்டி. ஜன்னலுக்கு ஜன்னல் கைகள். அந்த வண்டியின் பின்னாலும் ஒரு எஞ்சின் தள்ளிக்கொண்டே மலையேற்றும். பின் எஞ்சினின் மூச்சு தனியாகக் கேட்கும் என்று ஒருவர் சொன்னபோது, கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

மீட்டர் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர். அகலப்பாதையில் 1,676 மில்லிமீட்டர். அந்த வித்தியாசம் பெட்டிக்குள் உட்கார்ந்தால் தெரியும். எதிர் சீட்டுக்காரர் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். அவர் அவிழ்க்கும் புளிச்சோற்றுப் பொட்டலத்தின் வாசனை நம் மடியில் இருக்கும். பேசாமல் இருக்க முடியாது.

சந்தோஷம் இதுவரைதான். இனி என் மனத்தாங்கல். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கல்யாணப் படங்களுக்காக ஒருமுறையும், தாத்தாவின் பர்மா படங்களுக்காக ஒருமுறையும் எழுதிவிட்டேன். மூன்றாவது முறையாகவும் எழுதுகிறேன், எழுதத்தான் வேண்டும்.

படத்தின் பின்புறம் எழுதுங்கள்.

அன்றைக்கு மாடியில் நானூறு படங்களுக்கு மேல் இருந்தன. பின்புறம் ஏதாவது எழுதியிருந்தவை முப்பதுகூடத் தேறாது. அதிலும் பாதியில் ஸ்டூடியோ முத்திரைதான். எந்த ஊர், எந்த வருஷம், எந்த வண்டி, யார் எடுத்தது? எடுத்தவர் உயிரோடு இருந்தவரை அவருக்குத் தெரியும். அவர் போனதும் படம் அநாதை. "அப்பா எடுத்தது, எங்கயோ தென்காசிப் பக்கம்" என்று மகன் சொல்கிறார். தென்காசிப் பக்கம் என்றால் மூன்று திசையில் பாதை. பையன்கள் இருவரும் லென்ஸ் வைத்துத் துப்பறிந்தார்கள். பெட்டியின் நிறம், கைகாட்டி மரத்தின் உயரம், பிளாட்பாரத்தின் வேப்பமரம், சுவரில் பாதி தெரிகிற சினிமா போஸ்டர் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். போஸ்டரில் நடிகரின் மீசை மட்டும் தெரிந்ததால் வருஷம் கிடைக்கவில்லை. ஊர்ப் பெயர்ப் பலகை இருக்கும் படங்களில், எடுத்தவர் எஞ்சினைச் சட்டத்துக்குள் அடக்க வேண்டுமென்று பலகையைப் பாதியில் வெட்டியிருக்கிறார். அந்தப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்றுகூட எழுதி வைத்திருப்பார்கள். ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் எல்லாமே கிடைத்திருக்கும்.

பிரிட்டனில் 1968 ஆகஸ்டோடு நீராவி எஞ்சின்கள் வழக்கமான ஓட்டத்திலிருந்து நின்றன. மேற்கு ஜெர்மனியில் 1977-ல் நின்றன. அதன்பிறகு அந்த நாட்டு ரயில் பிரியர்கள் நீராவியைத் தேடி நம் ஊருக்கு வந்தார்கள். கழுத்தில் இரண்டு கேமரா, கையில் ஒரு நோட்டு. ஸ்லைடு ஒவ்வொன்றின் அட்டைச் சட்டத்திலும் தேதி, இடம், எஞ்சின் எண், வண்டி எண் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். நம் ஊர் ஸ்டேஷனைப் பற்றித் தேதியோடு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் இன்று அவர்கள் படத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. நாம் தினம் ஏறி இறங்கிய வண்டி, அவர்கள் ஒருநாள் பார்த்துவிட்டுப் போன வண்டி. எழுதி வைத்தது அவர்கள்தான். 1992-ல் எல்லாப் பாதையையும் ஒரே அகலமாக்கும் திட்டம் தொடங்கிய பிறகாவது நாம் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எழுதும்போது பேனா வேண்டாம். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும். மென்மையான பென்சில், ஓரத்தில், லேசாக எழுதினால் போதும்.

இந்த எரிச்சலோடு நான் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு படம் கைக்கு வந்தது. எல்லோரும் ஒதுக்கிவிட்ட படம். எஞ்சின் அசைந்து கலங்கிப்போயிருந்தது. எண் தெரியவில்லை. சட்டத்தின் வலது ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் உள்ளே நீண்டிருந்தது. ஆள் இல்லை. முழங்கை வரை மடித்த காக்கிச் சட்டை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. விரல்களில் ஒரு பிரம்பு வளையம். அந்தக் கை மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் வேறு எந்தப் படத்தையும் பார்க்கவில்லை.

இளைய வாசகர்களுக்காக அந்த வளையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதற்கு எங்கள் பாதையில் இருந்த ஏற்பாடு ஒரு உலோகக் குண்டு. பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்கள் இரண்டிலும் மாஸ்டர் அறையில் ஆளுக்கொரு இரும்புப் பெட்டி இருக்கும், நீல்ஸ் டோக்கன் கருவி என்று பெயர். இரண்டும் கம்பியால் இணைக்கப்பட்டவை. இந்த மாஸ்டர் மணியடித்து வண்டி விடலாமா என்று கேட்பார். அந்த மாஸ்டர் சம்மதித்துத் தன் பெட்டியின் பிடியைத் திருப்பினால்தான் இந்தப் பெட்டியிலிருந்து ஒரு குண்டு விழும். ஒரு குண்டு வெளியே வந்துவிட்டால், அது அடுத்த ஸ்டேஷன் பெட்டிக்குள் போய்ச் சேரும்வரை இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும், இன்னொரு குண்டு வராது. குண்டில் எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் நடுவே என்று பொறித்திருக்கும். டிரைவர் அதைக் கையில் வாங்கி, படித்துப் பார்த்த பிறகுதான் வண்டியை அந்தப் பாதைக்குள் விடுவார். பெண் வீட்டில் சரி என்றுவிட்டாலும், பாங்கில் கடன் பாஸானாலும் "லைன் கிளியர்" என்கிறோமே, அந்தச் சொல் அந்த அறையிலிருந்து வந்ததுதான்.

நிற்கிற வண்டிக்குக் குண்டை நடந்து போய்க் கொடுத்துவிடலாம். நிற்காத மெயிலுக்கு? அதற்குத்தான் வளையம். பிரம்பை வட்டமாக வளைத்து, அடியில் ஒரு தோல் பை. பைக்குள் குண்டு. போர்ட்டர் பிளாட்பார ஓரத்தில் நின்று வளையத்தை உயர்த்திப் பிடிப்பார். எஞ்சின் படியில் தொங்கிக்கொண்டு வரும் ஃபயர்மேன், கையை வளையத்துக்குள் விட்டு அள்ளிக்கொண்டு போவார். அதே நேரத்தில் முந்தின ஸ்டேஷனில் வாங்கிய வளையத்தைப் பிளாட்பாரத்தில் எறிவார். வேகத்தைக் குறைத்துத்தான் வருவார்கள். ஆனாலும் எஞ்சின் எஞ்சின்தான். சூடும் காற்றும் முகத்தில் அறைய, ஒரு முழ தூரத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். போர்ட்டர் என்றால் பெட்டி தூக்குகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. கைகாட்டிக்கு விளக்கு ஏற்றுவதும் பாயிண்ட் மாற்றுவதும் மணியடிப்பதும் எல்லாம் அவர்தான்.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் — விருதுநகர்–தென்காசிப் பாதையில் அது எந்த ஊர் என்று என் வாசகர்களுக்குத் தெரியும் — அப்படி ஒருவர் இருந்தார். நாங்கள் போர்ட்டர் மாமா என்போம். சொந்தமில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸும் எங்கள் வீடும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தன, அந்த உறவு. சாயங்காலம் பட்டணம் போகும் மெயிலுக்கு மாமா வளையம் நீட்டுவதைப் பார்க்க நான் தினம் போவேன். அவர் என்னை வேப்பமரத்துக்கு அப்பால் நிறுத்திவிடுவார். "ஏல, அங்கனயே நில்லு. காலு இந்தக் கோட்டத் தாண்டுச்சு, நாளையிலருந்து வராத."

எனக்குப் பதினொரு வயது. ஐப்பசி மழை. மெயில் தாமதமாகி, நன்றாக இருட்டிவிட்டது. மாமா இடது கையில் விளக்கு, வலது கையில் வளையம். வண்டி வந்தது, வளையம் போயிற்று. எறிந்த வளையம் மட்டும் பிளாட்பாரத்தில் விழவில்லை. மழையில் ஃபயர்மேனின் கை வழுக்கியிருக்க வேண்டும். பாதைக்கு அந்தப் பக்கம், சரிவில், சீமைக்கருவேல மரங்களுக்குள் எங்கேயோ போய்விட்டது.

மெயில் பத்திரமாகப் போய்விட்டது. ஆனால் அது கடந்துவந்த பாதைக்கு அந்தக் குண்டுதான் சாவி. அது எங்கள் ஸ்டேஷன் பெட்டிக்குள் விழுந்தாலொழிய, பின்னால் வரவேண்டிய பாசஞ்சருக்கு முந்தின ஸ்டேஷனில் குண்டு வராது. கிடைக்கவே கிடைக்காவிட்டால், கருவியை நிறுத்திவைத்துவிட்டு, காகிதத்தில் எழுதிக் கொடுத்து வண்டி விடுவார்கள். அதற்கு வேறு நடைமுறை, வேறு கையெழுத்துகள், வேறு விசாரணை. மாஸ்டர் அறை வாசலில் நின்று, "என்ன மாப்ள, கெடைக்குமா?" என்று கேட்டார். மாமா பதில் சொல்லாமல் அரிக்கேன் விளக்கோடு சரிவில் இறங்கினார். திரும்பி என்னைப் பார்த்தார். "வா" என்றார். அந்தக் கோட்டை நான் தாண்டியது அன்று ஒருநாள்தான்.

முக்கால் மணி நேரம் தேடினோம். நான் குனிந்து நுழைய முடிந்த இடங்களில் மாமாவால் முடியவில்லை. விளக்கை அவர் உயர்த்திப் பிடிப்பார், நான் ஊர்ந்து போவேன். வளையம் ஒரு கிளையில் மாட்டியிருந்தது. பை திறந்து கிடந்தது, உள்ளே குண்டு இல்லை. அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம் சேற்றில் கையால் துழாவினோம். என் விரலில் பட்டது. எதிர்பார்த்ததைவிடக் கனம். ஈரத்தில் ஐஸ்போல் சில்லென்று இருந்தது. மாமா அதை வாங்கி வேட்டி நுனியில் துடைத்து, விளக்கில் காட்டி, பொறித்திருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தார். அவ்வளவு அவசரத்திலும் படித்தார்.

மாஸ்டர் குண்டைப் பெட்டிக்குள் போட்டார். உள்ளே அது உருண்டு விழும் சத்தம் கேட்டது. மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து பதில் மணி வந்தது. மூன்று கல்லுக்கு அப்பாலோ ஆறு கல்லுக்கு அப்பாலோ, மழையில், இருட்டில், ஒரு வண்டி நிறையப் பேர் ஏன் நிற்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அப்போது கிளம்பினார்கள். மாமா என் உள்ளங்கையிலிருந்து முள்ளைப் பிடுங்கிவிட்டு, வீட்டில் கொண்டுவந்து விட்டார். அம்மா என்னை அடிக்க வந்தபோது, "அடிக்காதிய மதினி, இன்னிக்கு இவன்தான் பாசஞ்சர விட்டான்" என்றார்.

அவர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. மதுரையிலிருந்து திரும்பியதும் அவர் மகளுக்குப் போன் செய்தேன். அப்பா வளையத்தோடு நிற்கிற படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "அவுகள யாரு அண்ணே அங்க வந்து படம் எடுத்தா?" என்றாள். இருப்பது ஒன்றே ஒன்று, பென்ஷனுக்காக அத்தையோடு ஸ்டூடியோவில் எடுத்தது. இரண்டு கையும் முழங்காலில் இருக்கின்றன.

மாடியில் பார்த்த படத்திலிருப்பது மாமாவின் கை இல்லை, அவர் மணிக்கட்டில் கயிறு கட்டியதில்லை. படத்தின் சொந்தக்காரர் எனக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் அப்பா கேமரா வாங்கியது 1986-ல், காலமானது 1991-ல். பின்புறம் பென்சிலில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "மீட்டர் கேஜ், நீராவி. 1986-க்கும் 1991-க்கும் இடையில். தென்காசிப் பக்கம் என்று சொல்லப்படுகிறது. எஞ்சின் எண் தெரியவில்லை. வலது ஓரத்தில் டோக்கன் வளையம் நீட்டுபவர்—" அதற்குப் பிறகு இடம் விட்டிருக்கிறேன். அந்தப் பாதையில் வேலை பார்த்த யாராவது உங்கள் வீட்டில் இருந்திருந்தால், வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார் என்றால், எனக்கு எழுதுங்கள்.